இரத்தக்கண்ணீரும் மாந்தீவும்

"இரத்தக்கண்ணீர்" நாடகத்தைப் புகழாத முற்போக்காளர் அரியர். திருவாரூர் கே. தங்கராசு எழுதி, 1949 முதல் எம். ஆர். ராதா மேடையிலே நடத்தி, 1954இல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்திலே திரைப்படமுமான நாடகம் அது. அழவேண்டிய இடத்திலே சபையைச் சிரிக்கவைத்து, சிரித்தவனையே நாணவைத்த ராதாவின் ஆற்றலை யான் மறுக்கவில்லை. ஆயின், புகழ்ச்சி நம் கண்களை மறைக்கலாகாது.

கதை யாவரும் அறிந்ததே. வெளிநாட்டிலிருந்து திரும்பிய செல்வன் மோகன் பெற்ற தாயை இகழ்கிறான். கட்டிய மனைவி சந்திராவைக் கைவிடுகிறான். விலைமகள் காந்தாவின் வீட்டிலே சொத்தைக் கரைக்கிறான். பொருள் தீர்ந்து, தொழுநோயும் பற்றியபின் அவள் அவனைத் துரத்துகிறாள். "பேராசைக்காரியின் துரோகத்தைப் பாரீர்!" என்கின்றனர் நம் உபதேசியார். முதல் துரோகம் யாருடையது? தாயையும் தாரத்தையும் விலையாகக் கொடுத்து இன்பம் வாங்கியவன் மோகன் அல்லவா? எதற்கும் விலையுண்டு என்று காந்தாவுக்குக் கற்பித்தவர்கள் அவனையொத்த கனவான்களே. பெண்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் தடைசெய்தது 1947இல். இரண்டே ஆண்டுகளின் பின் வந்த நாடகம், கனவான்களின் பேராசையையும் அவள் தலையிலேயே சுமத்தியது.

இறுதியிலே மோகன், சந்திராவை மணந்துகொள்ளுமாறு நண்பன் பாலுவை வேண்டுகிறான். அத்துணிவை வாழ்த்துவோம். ஆனால் நோயைத் தண்டனையாக்கியது பெரும்பிழை. பகுத்தறிவு பேசிய மேடையே, பாவத்தின் பலன் நோய் என்னும் பழைய மூடத்தனத்துக்குப் புதுவேடம் புனைந்தது. தொழுநோய்க்குக் காரணம் ஒரு நுண்கிருமி என்பதை நோர்வே மருத்துவர் ஹான்சன் 1873இலேயே கண்டார். 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டுமருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ ஓராண்டோ மருந்துண்டால் அது குணமாகும். காமத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை.

வினாயகபுரத்திலிருந்து வடக்கே மட்டக்களப்பு வாவிக்குச் சென்றால் அங்கே மாந்தீவு இருக்கிறது. தொழுநோயாளரைக் கொண்டுசென்று ஒதுக்கிவைத்த தீவு. அவர்களைத் துரத்தியது எந்தக் காந்தா? சட்டம் ஒதுக்கியது, சுற்றம் மறந்தது. தாய்க்கும் தமையனுக்கும் பிள்ளைக்கும் அதிலே பங்குண்டு.

அது பழங்கதையென்று ஆறுதல் கொள்வார் எவருமுளரோ? இந்நாட்டிலே இன்றும் ஆண்டுதோறும் புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர். உடம்பிலே உணர்ச்சியற்ற தேமல் கண்டதும் வைத்தியரிடம் ஓடவேண்டியவர்கள் ஒளித்துவைக்கின்றனர். "வீட்டிலே குமர் இருக்கிறது, சம்பந்தம் குலையும்" என்பதே காரணம். கிடைக்கவிருக்கும் மாப்பிள்ளைக்காக, இருக்கும் பிள்ளையின் நரம்புகளைக் கருகவிடுவது குடும்பத் துரோகமன்றி வேறென்ன?

"எந்தப் பாவத்துக்கு, ஐயா, இந்த நோய்?" என்று என் வகுப்பிலே ஒரு மாணவன் கேட்டான். அக்கேள்வியை அவன் பாடநூலிலே படிக்கவில்லை. நம் வீடுகளிலும் மேடைகளிலும் படித்தான்.

நாடகத்தைத் தடுக்கவேண்டாம், மீண்டும் நடியுங்கள். ஆனால் மோகனின் குற்றத்தை அவன் மேனியிலே தேடாதீர்கள். நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்ந்திருப்பினும் அவன் குற்றவாளியே. நோயுற்றவனைக் கண்டு கதவடைக்கும் நாமும் அவ்வாறே.