ஆங்கில ஹோம்வொர்க்குக்கு ஒரு நாளைக்கு 12 நிமிடம்தான்... அதை எப்படிச் செலவு பண்றோம்?

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஹோம்வொர்க் கொடுக்கலாம்? இதுக்கு ஒரு அளவு இருக்கு. மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கைப்படி, 6 முதல் 8-ம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம். 1, 2-ம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது.

இப்போ கணக்குப் போடுங்க. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல்னு ஐந்து பாடம். 60 நிமிடத்தைச் சமமா பிரிச்சா, ஆங்கிலத்துக்கு 12 நிமிடம்.

அந்த 12 நிமிடத்தில் வழக்கமா என்ன நடக்குது? பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்வி-பதிலை நோட்டில் எழுதிட்டு வா. மீனிங்ஸ் ஐந்து தடவை எழுது. மெமரி போயம் மனப்பாடம் பண்ணு. நாலு கோடு நோட்டு அழகா நிரம்பிடும். எழுதினதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால்தான் சிக்கல். 2022-ம் ஆண்டு ஏசர் ஆய்வில், கிராமப்புற இந்தியாவில் 8-ம் வகுப்புப் பிள்ளைகளில் எளிய ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்தவர்கள் 46.7 சதவீதம். 2016-ல் இது 45.3. ஆறு வருஷத்தில் ஒன்றரை சதவீதம்கூட ஏறலை.

வீட்டில் யார் இருக்காங்க?

வீட்டுப்பாடம் என்ற சொல்லிலேயே ஒரு அனுமானம் இருக்கு. சாயங்காலம் வீட்டில் சொல்லித்தர யாரோ இருக்காங்க என்பதுதான் அது.

தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம் இந்த அனுமானம் சட்டுனு உடைஞ்சிடும். மரவள்ளியும் மஞ்சளும் விளையும் பகுதி. வேலைக்காக பெங்களூரு, திருப்பூர்னு போகிற குடும்பங்கள் இங்கே உண்டு. பிள்ளைகள் தாத்தா பாட்டியோட இருப்பாங்க. சித்தேரி மலைக் கிராமங்களில் பல பிள்ளைகள் முதல் தலைமுறையா பள்ளிக்கூடம் பார்க்கிறவங்க. ஹோம்வொர்க் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தாலும், போன் அப்பாவோட வேலைக்குப் போயிருக்கும். புரியாத ஆங்கிலக் கேள்வியை அந்தப் பிள்ளை யார்கிட்ட கேட்கும்? கைடைப் பார்த்து அப்படியே இறக்கும். அதைச் சோம்பேறித்தனம்னு சொல்ல முடியாது, வேற வழி இல்லை.

ஆசிரியரைக் குறை சொல்லிட்டு நகர்ந்துடுறது ஈஸி. ஆனா 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்க. 6 முதல் 8 வரை மொழிகளுக்குக் குறைந்தபட்சம் ஒரு ஆசிரியர், 35 மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்கிறது. "மொழிகள்" என்றால் தமிழும் ஆங்கிலமும் சேர்த்துத்தான். ஒரு நோட்டுக்கு 2 நிமிடம் வெச்சாலும் 35 நோட்டுக்கு 70 நிமிடம். ஒரு பீரியடே அவ்வளவு கிடையாது. அதனால் சிவப்பு மையில் ஒரு டிக், தேதி, கையெழுத்து.

இன்னொரு அழுத்தமும் இருக்கு, இதை வெளிப்படையா பேச மாட்டோம். நோட்டு காலியா இருந்தா "பாடமே நடத்தலையா?"னு கேட்கிறது நாமதான். அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலா வந்த பிறகும், தனியார் பள்ளி பஸ் ஊருக்குள் வந்துட்டுத்தான் இருக்கு. அந்தப் போட்டியில் நிரம்பிய நோட்டு ஒரு விளம்பரம் மாதிரி ஆயிடுச்சு.

12 நிமிடத்தில் முடிகிற வேலை

எங்கள் கருத்து இதுதான்: புதுசா புரிய வேண்டியது எல்லாம் வகுப்பிலேயே நடக்கணும். பிள்ளை தனியா செய்ய முடிந்தது மட்டும்தான் வீட்டுக்குப் போகணும்.

உதாரணத்துக்கு, 6-ம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் கடல் ஆமைகள் பற்றிய பாடம். ஆசிரியர் தினமும் ஒரு பத்தியைச் சத்தமா படிச்சுக் காட்டி, பிள்ளைகளையும் சேர்ந்து படிக்க வைக்கட்டும். அர்த்தத்தைத் தமிழில் பேசினாலும் தப்பில்லை. வீட்டில் அதே பத்தியை இரண்டு தடவை வாய்விட்டுப் படிக்கணும், பாட்டி கேட்டால் போதும், அவங்களுக்கு ஆங்கிலம் தெரியணும்னு இல்லை. பிறகு பள்ளியிலிருந்து வரும் வழியில் பார்த்ததைப் பற்றி சொந்தமா மூன்று வாக்கியம். மரவள்ளிக்கு ஆங்கிலத்தில் என்னன்னு தெரியலையா? தமிழிலேயே எழுதிட்டு வரட்டும். மறுநாள் வகுப்பு அந்தச் சொல்லில் இருந்தே தொடங்கலாம். 35 நோட்டையும் திருத்த வேண்டாம்; தினம் ஐந்து பேர் எழுந்து படிச்சால், ஏழு நாளில் எல்லாரும் ஒரு சுற்று பேசிடுவாங்க.

இதுக்குத் தனி நிதியோ, ஆப்போ தேவையில்லை. தேவைப்படுவது ஒரு ஒருங்கிணைப்பு. ஐந்து பாட ஆசிரியர்களும் மற்றவர் என்ன கொடுத்தார்னு தெரியாமலே ஹோம்வொர்க் கொடுத்தால், ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாகும். கரும்பலகை ஓரத்தில் அன்றைய ஹோம்வொர்க்கையும் அதுக்கான நிமிடத்தையும் ஒவ்வொருவரும் எழுதிட்டுப் போகலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர்தான் இருக்கணும்னு சட்டமே சொல்லுது. அடுத்த கூட்டத்தில் சுற்றுச்சுவர், கழிப்பறையோட சேர்த்து அந்தக் கரும்பலகை ஓரத்தையும் அவங்க கேட்கலாம்.