விசிறியை நீக்கினால் வெப்பம் எங்கே போகும்?



பெருநகரங்களில் வந்து குடியேறிய நம்மில் அநேகருடைய வீடு ஓர் அறையும் ஒரு சமையல்கட்டுமே. படிப்பும் உறக்கமும் கணினியும் அந்த ஓர் அறைக்குள்தான் நடைபெறவேண்டும். இரவுப் பணி முடித்து வந்த தகப்பன் பகலில் கண்ணயரும்போது, பிள்ளை அதே அறையில் கணினியைத் திறந்து பாடம் படிக்கிறது. அப்பொழுது அந்தப் பெட்டியிலிருந்து எழும் இரைச்சல் ஒருவருடைய உறக்கத்தைக் கெடுக்கிறது. மற்றவருடைய கவனத்தைச் சிதறடிக்கிறது. படுக்கையறையில் தொடர்ந்து ஒலிக்கும் சத்தம் 30 டெசிபலுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றின் சிறு விசிறியே இந்த அளவை எளிதில் தாண்டிவிடும்.

"அந்த விசிறியைக் கழற்றிவிட்டு, விசிறியே இல்லாத கூலரைப் பொருத்தலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். பொருத்தலாம். ஆனால் ஒரு காரியத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: விசிறியை நீக்க முடியும், வெப்பத்தை நீக்க முடியாது. கார்டு 75 வாட் மின்சாரம் எடுத்தால், ஏறக்குறைய அந்த 75 வாட்டும் வெப்பமாகவே வெளிவரும். அது போவதற்கு நீங்கள் வழி அமைத்துக் கொடுக்கவேண்டும்.

முதலாவது, இந்தக் கூலர் வேலை செய்யும் விதத்தை அறிந்துகொள்வோம். இதன் உயிர்நாடி 'ஹீட் பைப்' எனப்படும் செம்புக் குழாய். காற்று நீக்கப்பட்ட அக்குழாய்க்குள் சிறிதளவு நீர் மாத்திரம் இருக்கும். சிப்பின் சூட்டில் அந்நீர் ஆவியாகி மறுமுனைக்கு விரைகிறது. அங்குள்ள அலுமினியத் தகடுகளில் வெப்பத்தை விட்டுக் குளிர்ந்து, மறுபடியும் நீராகி, குழாயின் உட்சுவரில் உள்ள திரி போன்ற பரப்பின் வழியாய்த் திரும்புகிறது. அமெரிக்காவில் 1944-இலேயே ரிச்சர்ட் காக்லர் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1963-இல் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் இதைச் செய்து காட்டிய பின்னரே உலகம் கவனித்தது. ஆகவே ஹீட் பைப் வெப்பத்தை இடம் மாற்றுகிறதேயொழிய அழிப்பதில்லை. தகடுகளைச் சூழ்ந்த காற்றும் சூடேறி அங்கேயே தங்குமானால் கூலர் பயனற்றதாகும்.

இரண்டாவது, நமது தேசத்தின் வெயிலைக் கணக்கில் கொள்ளுங்கள். ஒரு கார்டு சுற்றுப்புறக் காற்றைவிட 45 டிகிரி அதிகமாய்ச் சூடேறுவதாக வைத்துக்கொள்வோம். குளிர்நாட்டில் அறை 22 டிகிரி என்றால் கார்டு 67 டிகிரியில் நிற்கும். மே மாதத்து நாக்பூரிலோ டில்லியிலோ அறை 42 டிகிரி என்றால், அதே கார்டு 87-ஐத் தொடும். ஆதலால் வெளிநாட்டார் எழுதிய சோதனைக் கணக்கை நம்பி வாங்காதிருங்கள். உங்கள் அறையின் கோடைக்கால மதிய வெப்பத்தோடு கூட்டிப் பாருங்கள்.

பணம் செலவழிக்குமுன் செய்யவேண்டியவை சில உண்டு.

1. சத்தம் எங்கிருந்து வருகிறதென்று அறியுங்கள். தடித்த காகிதத்தைக் குழல்போல் சுருட்டிக் காதில் வைத்து, கார்டு விசிறி, பிராசஸர் விசிறி, எஸ்.எம்.பி.எஸ். ஆகிய ஒவ்வொன்றின் அருகிலும் கேளுங்கள். சத்தம் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வருமானால் கார்டை மாற்றிப் பயனில்லை.

2. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மென்மையான தூரிகையால் தூசியை அகற்றுங்கள். தூசி அடைத்த கார்டின் விசிறி அதிக வேகத்தில் சுழலவேண்டியதாகிறது.

3. மென்பொருளின் மூலம் விசிறியின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். விசிறியின் வேகம் பாதியானால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் தோன்றும். அநேக வீடுகளுக்கு இதுவே போதுமானது.

4. கார்டு அவசியந்தானா என்று யோசியுங்கள். பாடம், கடிதம், காணொளி அழைப்பு ஆகியவற்றிற்குப் பிராசஸரோடு சேர்ந்து வரும் கிராபிக்ஸ் தாராளமாய்ப் போதும். எல்லாப் பிராசஸரிலும் அது இராது. இன்டெல் பிராசஸரின் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால் அது இல்லை என்று பொருள். இருக்குமானால் கார்டையே கழற்றி வைத்துவிடலாம். அதைவிட அமைதி வேறில்லை.

இவற்றிற்குப் பின்பும் கூலரை மாற்றத் தீர்மானித்தால் கவனமாயிருங்கள். 2000-களில் ஆர்க்டிக் கூலிங் நிறுவனத்தின் ஆக்செலெரோ எஸ்1, கொரியாவின் ஸால்மன் நிறுவனத்தின் இசட்.எம்.80 போன்றவை பெயர் பெற்றிருந்தன. இன்று அத்தகையவை கிடைத்தால் டில்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூரு எஸ்.பி. ரோடு போன்ற சந்தைகளில் பழைய பொருளாகவே கிடைக்கும். வாங்குமுன் சிப்பைச் சுற்றியுள்ள நான்கு துளைகளின் இடைவெளியை அளந்து, கூலரோடு ஒப்பிடுங்கள். கூலரை மாற்றினால் பெரும்பாலும் வாரண்டி போய்விடும் என்பதையும் மறவாதிருங்கள்.

பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, புதியதை மெல்லிய படலமாய்ப் பூசுங்கள். திருகுகளை ஒரே பக்கமாய் முறுக்காமல், எதிரெதிர் மூலையாய்ச் சிறிது சிறிதாய் முறுக்குங்கள். இல்லாவிட்டால் சிப்பின் ஓரம் உடையக்கூடும். சிப்பை மாத்திரம் கவனித்தால் போதாது. அதைச் சுற்றியுள்ள மெமரி சிப்களும் மின்சாரத்தைச் சீராக்கும் பாகங்களும் முன்பு அதே விசிறியின் காற்றில்தான் குளிர்ந்தன. அவற்றின்மேல் சிறு ஹீட் சிங்குகளை ஒட்டவேண்டும்.

அடுத்தது காற்றின் வழி. பெட்டி நிமிர்ந்து நிற்கும்போது கார்டு பலகைபோல் கிடைமட்டமாயிருக்கும்; சிப் கீழ்நோக்கியிருக்கும். மேலெழும் சூடான காற்றைக் கார்டே தடுத்துவிடும். எனவே பெட்டியின் பின்புறத்தில் 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை மிக மெதுவாய்ச் சுழலவிடுங்கள். சிறிய விசிறி வேகமாய்ச் சுழன்று தரும் காற்றைப் பெரிய விசிறி மெதுவாய்ச் சுழன்றே தந்துவிடும். சத்தமும் வெகு குறைவு. பெட்டியைச் சுவரோடு ஒட்டியோ மூடிய மேசையறைக்குள்ளோ வைக்காதிருங்கள்.

பின்பு சோதித்தறியுங்கள். கோடை மதியத்தில், கார்டுக்கு முழு வேலை கொடுத்து அரைமணி நேரம் ஓடவிட்டு, வெப்பநிலையைக் கவனியுங்கள். 80 டிகிரிக்குள் நின்றால் நல்லது. 90-ஐ நெருங்கினால் உடனே நிறுத்திக் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். சத்தமிடும் விசிறி வெப்பம் ஏறுவதை நமக்குக் காதால் அறிவித்துக்கொண்டிருந்தது. அதை நீக்கியபின் அந்த எச்சரிப்பு இராது. ஆகையால் மாதம் ஒருமுறை வெப்பநிலையைப் பார்க்கும் வழக்கம் வேண்டும். விசிறியில்லாத கூலர் கனமானது. வீடு மாறும்போது கார்டைக் கழற்றித் தனியே சுற்றிக் கொண்டுசெல்லுங்கள்.

புதிதாய் வாங்குவோருக்கு எளிய வழியும் உண்டு. 30 வாட் மாத்திரம் எடுக்கும் ஜிடி 1030 (2017), 75 வாட் எடுக்கும் ஜிடிஎக்ஸ் 1650 (2019) ஆகியவை தொழிற்சாலையிலேயே விசிறியில்லாமல் செய்யப்பட்டும் வந்தன. 450 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 4090 போன்றவற்றின் விசிறியைக் கழற்ற ஒருபோதும் முயலவேண்டாம். ஏறக்குறைய 2014 முதல், வேலை குறைவாயிருக்கும்போது விசிறி தானாய் நின்றுவிடும் கார்டுகளும் பரவலாய் வந்துள்ளன. பாடம் படிக்கும் நேரமெல்லாம் அவை ஊமையாயிருக்கும். கடின வேலை வந்தால் மாத்திரம் சுழலும். ஒற்றை அறையில் வெயிலோடு வாழும் குடும்பத்துக்கு, முற்றிலும் விசிறியில்லாத கார்டைவிட இத்தகையதே பெரும்பாலும் பொருத்தமானது. பகலில் உறங்குகிறவர் உறங்கலாம். கார்டும் கோடையைத் தாண்டி நிற்கும்.