தேசவழமையும் நம் ஊர் முறைகளும்

ஏட்டில் எழுதப்பெறாத வழக்கம் சட்டமாகாதென்று கற்றவருள்ளும் பலர் கருதுகின்றனர். கனடா தேசத்துப் பழங்குடிகளாகிய கிறீ மக்கள் இதற்கு உடன்படார். உறவின் கடமையே அவர்க்கு நீதியின் அடிப்படை. மூத்தோர் சொல்லிவரும் கதைகளிலேயே அவர்தம் சட்டம் வாழ்கின்றது. பழங்குடிகளின் சட்டங்களை ஆராய்தற்கென நிலையங்கள் வேண்டுமென்று அந்நாட்டு உண்மை நல்லிணக்க ஆணைக்குழுவும் 2015-இல் வற்புறுத்தியது.

ஆயினும் இப்பொருளை ஆராய அத்துணைத் தூரம் செல்லவேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழர்க்குத் தேசவழமை என்றொரு முறை உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில், சைமன்ஸ் என்னும் தேசாதிபதியின் கட்டளைப்படி, கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி 1707-இல் அதனைத் தொகுத்தார். அது தமிழிற் பெயர்க்கப்பெற, முதலியார்கள் பன்னிருவர் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். ஆங்கிலேயர் 1806-இல் அதனைச் சட்டமாக ஏற்றனர். கணவன் கொணர்ந்த முதுசம், மனைவி கொணர்ந்த சீதனம், இருவரும் ஈட்டிய தேடிய தேட்டம் என்னும் பாகுபாடு இவ்வாறே நீதிமன்றம் ஏறிற்று. அங்ஙனம் தொகுக்கப்பெறாத மட்டக்களப்பு முக்குவர் வழமையோ 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வழக்கொழிந்தது. எழுத்து காத்தது என்பது மெய்யே.

எதனைக் காத்தது என்பதே என் வினா. தொகுத்தவர் அதிகாரி, ஒப்பியவர் ஊரின் மேலோர். அடிமைகளை ஆளும் விதிகளும் அந்நூலில் இருந்தன. 1844-இல் அடிமைமுறை ஒழிந்த பின்னரே அவை வெற்றெழுத்தாயின. மணமான பெண் தன் சொந்த நிலத்தை விற்பதற்கும் கணவனது எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென்று 1911-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2009-இல் போர் முடிந்தபின், கணவன் இருக்குமிடம் அறியாத பெண்கள் தம் காணியை விற்க நீதிமன்றத்தின் அனுமதியை நாடவேண்டியவராயினர். வாய்வழக்காயிருந்தால் ஊர்ப்பெரியோர் இரங்கியிருப்பர் என்று சொல்லத் துணியேன். ஆயினும் அச்சேறிய விதியைத் தளர்த்தும் உரிமை அவரிடத்தும் இல்லாதொழிந்தது.

நம் ஆலங்குளம், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கங்களிலும் கண்மாய்நீரைப் பங்கிடுதற்கும், மடை திறத்தற்கும், வரத்துக்காலைச் செப்பஞ்செய்தற்கும் முறைகள் உள. குடிமராமத்தைச் சென்னை அரசாங்கம் 1858-இல் கட்டாயச் சட்டமாக்கிப் பார்த்தது. ஊராரின் மனமொப்பிய உழைப்பு அதனால் வலுப்பெற்றிலது. எஞ்சிய முறைகளை முதியோர்வாய்க் கேட்டு நம் மாணாக்கர் இப்பொழுதே எழுதிவைத்தல் வேண்டும். பெரிய வீட்டுத் திண்ணையில் மட்டும் கேட்டு எழுதுதல் போதாது. கடைமடை நிலத்தாரையும், நாற்று நடும் பெண்களையும், நிலமின்றியே கரையடைக்க மண் சுமந்தவரையும் வினவுக. சொன்னவர் யார், எவ்வாண்டிற் சொன்னார் என்பதைக் குறிக்க. ஒவ்வொரு பக்கத்திலும் பாதியை வெறுமையாக விடுக. மறுத்துச் சொல்வார் சொல்லும் அங்கே ஏறவேண்டும்.