ஒரே நாளில் இரண்டு மசோதா. ஏரி மசோதாவை யார் கேட்டார்கள்?

2023 ஏப்ரல் 21 அன்று சட்டசபையில் நிறைவேறியவற்றில் இரண்டை மட்டும் பாருங்கள். ஒன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா. ஆளும் தி.மு.க.வின் தோழமைக் கட்சிகளான இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் அதை எதிர்த்து வெளிநடப்புச் செய்தனர். தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பும் வந்துவிட்டது.

இன்னொன்று, நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) மசோதா. விவாதமே இல்லாமல் நிறைவேறி, ஆளுநர் ஒப்புதலும் பெற்றுச் சட்டமானது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டப் பகுதிக்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தால் அந்த நிலத்தையும் திட்டத்தோடு சேர்த்துக்கொள்ள வழி செய்வது இது.

தோழமைக் கட்சிகளின் ஓட்டு அரசுக்குத் தேவைப்படவே இல்லை. 234 இடங்களில் உதயசூரியன் சின்னத்தில் மட்டும் 133 பேர் வென்றிருந்தார்கள். அப்படியும் 12 மணி நேர மசோதா திரும்பிப் போனதே, எப்படி? சபையில் தோழமைக் கட்சிகளின் குரலும், அதன் பின்னால் தொழிலாளர்களின் சங்கமும் சேர்ந்து நின்றன. ஏரிக்கு அந்தக் குரல் அன்று எழவில்லை. விவசாயச் சங்கங்கள் பிறகு கண்டித்தன. ஆனால் அதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

சட்டத்தில் பாதுகாப்பே இல்லையா என்றால், இருக்கிறது. கொள்ளளவு குறையக் கூடாது, மக்கள் போய்வரத் தடை கூடாது என்று நிபந்தனை உண்டு. ஆனால் ஏரி என்ன, தண்ணீர்த் தொட்டியா? வரத்துக் கால், கலங்கல், மதகு, ஆயக்கட்டு எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. ஆயக்கட்டு முழுவதும் தொழிற்சாலையாகிவிட்டால் மதகைத் திறக்கச் சொல்ல யார் இருப்பார்கள்? வாய்க்கால் தூர்ந்தால் யார் மண்வெட்டி எடுப்பார்கள்? கொள்ளளவைக் காகிதத்தில் காட்டிவிடலாம். கேட்பதற்கு ஆயக்கட்டுதாரர் வேண்டுமே! மேல் ஏரி நிரம்பிக் கீழ் ஏரிக்கு வழியும் ஊர்களில், போவது ஒரு ஏரியோடு நிற்காது. பரந்தூர் விமான நிலையத்துக்குக் குறித்த இடத்தில் ஏரிகளோடு கம்பன் கால்வாயும் ஓடுகிறது. ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் போராடுவதில் இதுவும் ஒன்று.

தொழிற்சாலையே வேண்டாம் என்பதல்ல என் வாதம். நம் பிள்ளைகளுக்கும் வேலை வேண்டும். ஆனால் விலை எந்த ஊர் கொடுக்கிறது என்பதைச் சபையில் நாலு பேராவது பேசியிருக்க வேண்டாமா?

கூட்டணிக் கட்சிக்காரர் உங்கள் ஊருக்கு ஓட்டுக் கேட்டு வரும்போது, எத்தனை சீட் என்று பேசாதீர்கள். 'ஏரிச் சட்டத்தை ரத்து செய்யச் சொல்வதை உங்கள் தொகுதிப் பேச்சுவார்த்தையில் வைத்தீர்களா?' என்று கேளுங்கள். அ.தி.மு.க., பா.ம.க. என்று யார் வந்தாலும் இதே கேள்விதான்.

விரிவாக்கப் பணியில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வட்டாரத்து ஏரிகளின் வரத்துக் கால், மதகு, ஆயக்கட்டுப் பரப்பு விவரத்தைத் திரட்ட ஊராருக்குக் கைகொடுங்கள். கிராம சபைத் தீர்மானத்தில் அது சர்வே எண்ணோடு பதிவாகட்டும். வெறும் தீர்மானம் திட்டத்தை நிறுத்திவிடாது; ஏகனாபுரம் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டது. ஆனால் நாளைக்கு நிபுணர் குழு வந்து 'இங்கே வாய்க்கால் எங்கே?' என்று கேட்கும்போது எடுத்து நீட்ட ஒரு காகிதம் இருக்கும்.