காற்றா, தண்ணீரா?

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் கடந்துபோன பின், அமெரிக்காவின் மிசிசிப்பி கடற்கரையில் பல வீடுகள் இருந்த இடத்தில் சிமென்ட் தளம் மட்டுமே மிஞ்சியது. வீடிழந்து நின்றவர்களைக் காப்பீட்டு நிறுவனங்கள் கேட்டன: வீட்டை இடித்தது காற்றா, தண்ணீரா? சுவரே இல்லாத இடத்தில் எதைச் சான்றாகக் காட்டுவது?

அங்கே சாதாரண வீட்டுக் காப்பீடு காற்றின் சேதத்தை ஏற்கும், வெள்ளத்தை ஏற்காது. புயலில் பொங்கி வரும் கடல்நீரும் வெள்ளக் கணக்கில்தான் சேரும். அதற்கு, 1968இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் பெரும்பாலோர் தனிப் பாலிசி எடுக்கிறார்கள். வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர்; 1994இல் வகுத்த அந்த வரம்பு இன்னும் உயரவில்லை. வீடு சீராகும்வரை வெளியே தங்கும் செலவுக்கு ஒரு காசும் கிடையாது. புயல் வருகிறது என்று தெரிந்து அவசரமாக எடுத்தாலும், பொதுவாக 30 நாள் கழித்தே பாலிசி உயிர் பெறும்.

இரண்டு பாலிசியும் வைத்திருந்தவர்களாவது தப்பினார்களா? அதுவும் இல்லை. காற்றும் வெள்ளமும் எந்த வரிசையில் வந்து சேதப்படுத்தினாலும் காற்றின் பங்குக்கும் பணம் தர வேண்டியதில்லை என்று பல வீட்டுப் பாலிசிகளில் ஒரு விதி இருந்தது. காற்று முன்பே செய்துவிட்ட சேதத்துக்கான உரிமையைப் பின்னால் வந்த வெள்ளம் பறிக்காது என்று மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் சொல்ல 2009 ஆயிற்று. நான்கு ஆண்டுகள்! அதுவரை அந்தக் குடும்பங்கள் எங்கே வாழ்ந்திருக்கும்?

இதைவிட மோசமானது மதிப்பீட்டு முறை. 1983 முதல் தனியார் நிறுவனங்களே அரசின் வெள்ளப் பாலிசியை விற்கின்றன, சேதத்தையும் அளக்கின்றன. வெள்ளம் என்று எழுதினால் அரசுப் பணம் போகும். காற்று என்று எழுதினால் சொந்தப் பணம் போகும். ஸ்டேட் ஃபார்ம் நிறுவனத்துக்காகச் சேதம் மதிப்பிட்ட ரிக்ஸ்பி சகோதரிகள் தொடுத்த வழக்கில், ஒரு வீட்டுக்கு அந்த நிறுவனம் அரசிடம் பொய்க் கோரிக்கை வைத்ததாக 2013இல் ஜூரி தீர்ப்பளித்தது. வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்ற நிறுவனத்தின் வாதத்தை 2016இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நிராகரித்தது.

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் கடலிலிருந்து வெகுதூரத்தில் உள்ள ஆஷ்வில் மலைப்பகுதியை மூழ்கடித்தபோது, அந்த வட்டாரத்தில் நூற்றுக்கு ஒரு வீட்டுக்குக்கூட வெள்ளக் காப்பீடு இல்லை. குற்றம் மக்களுடையதல்ல. அரசு வரைபடத்தில் வெள்ள அபாயப் பகுதி என்று குறித்த இடங்களில் வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு மட்டுமே அது கட்டாயம்.

எல்லாவற்றையும் ஒரே பாலிசியில் சேர்த்தால் பிரீமியம் உயரும் என்கிறார்கள். உயரட்டும். வெள்ளத் திட்டத்தின் 1,600 கோடி டாலர் கடனை 2017இல் அமெரிக்க நாடாளுமன்றம் தள்ளுபடி செய்தபோது, அந்தச் சுமை மொத்த நாட்டின் தலையில்தானே விழுந்தது? பிரான்சில் 1982 முதல் வெள்ளம் போன்ற பேரிடர்களுக்கான காப்பு வீட்டுப் பாலிசிக்குள்ளேயே இருக்கிறது. அதற்கான கூடுதல் கட்டணத்தை எல்லோரும் பகிர்ந்து கொள்கிறார்கள்.

கத்ரீனாவில் தன் வீட்டையே இழந்த மிசிசிப்பி உறுப்பினர் ஜீன் டெய்லரின் முயற்சியால், வெள்ளத் திட்டத்தில் காற்றையும் சேர்க்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2007இல் நிறைவேற்றியது. செனட் அதை ஏற்கவில்லை. ஒரே புயலுக்கு ஒரே பாலிசி என்ற அந்த யோசனையை நாடாளுமன்றம் மீண்டும் கையில் எடுக்க வேண்டும். சட்டம் வரும்வரை, இரண்டு பாலிசியும் உள்ளவருக்கு உரிய தொகையை முதலில் கொடுத்துவிட்டு, காற்றின் பங்கு எது, வெள்ளத்தின் பங்கு எது என்பதை நிறுவனமும் அரசும் பிறகு தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும்.