திருப்புளியைக் கடைசியில் எடுங்கள்

கார்த்திகை மழை ஓய்ந்து தோப்பில் புல் முழங்கால் உயரம் வளர்ந்து நிற்கும்போதுதான் பலருக்கும் பிரஷ் கட்டர் ஞாபகம் வரும். மூலையில் கிடந்ததைத் தூசு தட்டி எடுத்து, தோள் கழன்றுவிடும் அளவுக்குக் கயிற்றை இழுப்பார்கள். கிளம்பாது. உடனே யாராவது ஒரு திருப்புளியோடு வந்து, கார்புரேட்டரில் கண்ணில் படுகிற திருகையெல்லாம் திருப்பிப் பார்ப்பார். சும்மா கிளம்பாமல் இருந்த மெஷின் நிஜமாகவே கெடுவது அப்போதுதான்.

எங்கள் ஊர் மெக்கானிக் டிவிஎஸ் 50, ஆர்எக்ஸ் 100 காலத்து ஆள். அந்த டூ ஸ்ட்ரோக் வண்டிகள் இன்று சாலையில் அபூர்வம். ஆனால் அதே வகை இன்ஜின் உருவம் சிறுத்து, பிரஷ் கட்டராகத் தோளிலும் பவர் ஸ்பிரேயராக முதுகிலும் மரம் அறுக்கும் மெஷினாகக் கையிலும் ஏறிக்கொண்டது. அவருக்கு வேலை குறையவில்லை. மெஷினை இறக்கி வைத்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி: “திருகைத் தொட்டீங்களாண்ணே?”

பதில் எதுவானாலும் அவர் முதலில் செய்வது டேங்கில் இருப்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் பிடிப்பதுதான். இப்போது பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயாபிரம் விறைத்து, பெட்ரோலை இழுத்துத் தரும் வேலையை நிறுத்திவிடும். பிறகு கம்பியை வளைத்து டேங்கிலிருந்து பில்டரைத் தூக்கிப் பார்ப்பார். ஏர் பில்டர், பிளக், கடைசியாக சைலன்சர் வாயில் உள்ள சின்ன வலை. அந்த வலையில் கரி அடைத்தால் புகை வெளியேற வழியில்லாமல் இன்ஜின் திணறும். இதற்குத் திருகு என்ன செய்யும்?

இந்த இன்ஜினில் ஆயிலுக்குத் தனி இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகும் 2டி ஆயில்தான் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் உயிர். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எது என்பது உங்கள் மெஷின் புத்தகத்தில் இருக்கும். கண் அளவில் ஊற்றினால் இரண்டு பக்கமும் ஆபத்து. குறைந்தால் பிஸ்டன் கோடு விழுந்து ஜாம் ஆகும். கூடினால் பிளக்கிலும் சைலன்சரிலும் கரி ஏறும். ஆயில் கூடிய அளவுக்குப் பெட்ரோலும் குறைகிறது.

இவ்வளவும் சரியென்றால்தான் திருப்புளி. ‘எல்’ திருகு குறைந்த வேகத்துக்கு, ‘ஹெச்’ திருகு முழு வேகத்துக்கு, மூன்றாவது ஐடிலிங்குக்கு. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகே அவர் தொடுவார். ‘ஹெச்’ திருகை உள்ளே முடுக்க முடுக்கப் பெட்ரோல் குறையும், வேகம் ஏறும், சத்தம் விசில் மாதிரி சுத்தமாகும். மெஷின் ‘சூப்பரா பாடுது’ என்று நமக்குத் தோன்றும் இடம் அதுதான். பிஸ்டன் வேகத் தொடங்குவதும் அங்கேதான். பெட்ரோல் குறையும்போது அதோடு வரும் ஆயிலும் குறைகிறதல்லவா? அதனால் முழு த்ராட்டிலில், சும்மா ஓடும்போது லேசாகப் புடபுடவென்று தொண்டை கட்டினாற்போல் கேட்கும்வரை திருகை வெளியே விடுவார். பிளேடு புல்லில் இறங்கியதும் அந்தப் புடபுடப்பு மறைந்து சத்தம் தெளிய வேண்டும். அதுதான் சரியான இடம். த்ராட்டிலை விட்டால் பிளேடு அசையாமல் நிற்க வேண்டும்; சுற்றினால் ஐடிலிங் கூடுதல், அந்த மெஷினோடு வயலில் இறங்கக் கூடாது. வேலை முடிந்து பிளக்கைக் கழற்றினால் காப்பிப்பொடி நிறம் இருந்தால் நலம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கறுத்து ஈரமாக இருந்தால் அதிகம்.

காதுதான் அவருடைய மீட்டர். அந்தக் காது நமக்கு வர நாளாகும். ஆனால் மெஷினைக் காப்பாற்ற அது தேவையில்லை. இருமல் மருந்தோடு வரும் அளவு மூடி ஒன்றை ஆயிலுக்கென்றே ஒதுக்கிவையுங்கள்; அதை மறுபடி மருந்துக்கு எடுக்காதீர்கள். ஒரு வார வேலைக்குத் தேவையானதை மட்டும் கலந்து, ஊற்றுமுன் நன்றாகக் குலுக்குங்கள். சீசன் முடிந்து மெஷினை எடுத்துவைக்கும்போது டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். இதையெல்லாம் செய்தவர்கள் வீட்டில் திருப்புளிக்கு வேலை வருவது அபூர்வம்.