கையெழுத்துப் போட்டதும் ஒரு குற்றமா?

ஜனங்களின் பேரால் பதவிக்கு வந்த ஒருவர், தம்மை ஆதரிப்பவர்கள் மாத்திரமே ஜனங்கள் என்றும், மற்றவர்களெல்லாம் தேசத் துரோகிகள் என்றும் சொல்லத் தொடங்கிவிட்டால் ஒரு நாடு என்ன கதிக்கு ஆளாகும் என்பதற்கு, தென் அமெரிக்காவிலுள்ள வெனிசுவேலாவைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

1998-ம் வருஷத் தேர்தலில் ஹ்யூகோ சாவேஸ் 100-க்கு 56 வீதம் வோட்டுப் பெற்று ஜெயித்தார். ஏழைகள் அவருக்கு வோட்டுக் கொடுத்ததை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. பூமிக்கடியில் கிடந்த எண்ணெய்ச் செல்வத்தைப் பழைய கட்சிகள் இரண்டும் மாறி மாறி ஆண்டு அனுபவித்தன. 1989-ல் பஸ் கட்டண உயர்வை எதிர்த்துத் தெருவுக்கு வந்த ஏழைகளில் நூற்றுக்கணக்கானவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவர்கள் ஆட்சியில்தான். அந்தப் பாவத்தின் பலனே சாவேஸின் வெற்றியாகும்.

அவர் 1999-ல் ஒரு புதிய அரசியல் சட்டம் செய்தார். பதவிக் காலத்தில் பாதி கழிந்த பிறகு, வோட்டர்களில் 100-க்கு 20 பேர் கையெழுத்திட்டால், பதவியிலிருப்பவர் வேண்டுமா வேண்டாமா என்று ஜனங்களையே கேட்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. நல்ல விதிதான். ஆனால் அவ்விதிப்படி அவருக்கு விரோதமாகவே ஜனங்கள் கையெழுத்திட்டபோது நடந்ததென்ன? ஆளுங்கட்சிப் பிரதிநிதியாகிய லூயிஸ் தாஸ்கோன் என்பவர், கையெழுத்திட்டவர்களின் பெயர்களையெல்லாம் 2004-ல் இணையத்தில் வெளியிட்டுவிட்டார். அதன் பிறகு, சர்க்கார் வேலைக்குப் போனவனுடைய யோக்கியதையைப் பார்ப்பதற்கு முன் அவன் பெயர் அப்பட்டியலில் இருக்கின்றதா என்று பார்க்கப்பட்டது. வேலையிலிருந்தவர்களுக்கு வேலை போயிற்று. சட்டம் கொடுத்த உரிமையை உபயோகித்ததே குற்றமென்றால், அந்த உரிமையைக் கொடுத்தது எதற்கு என்று கேட்கின்றோம். எதிரிகள் யார் யார் என்று கணக்கெடுப்பதற்கா?

2004 ஆகஸ்டில் நடந்த வாக்கெடுப்பில் சாவேஸே ஜெயித்தார். 2005-ல் அந்தப் பட்டியலைப் புதைத்துவிடும்படி அவரே சொல்ல நேர்ந்தது. புதைக்கச் சொன்னதே அது அதுவரை உயிரோடு நடமாடியதற்கு ஒப்புதல் அல்லவா? கையெழுத்திட்டதற்காகச் சர்க்கார் வேலையை இழந்த மூன்று பெண்களுக்கு நியாயம் உண்டென்று அமெரிக்க நாடுகளின் மனித உரிமைக் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது 2018-ல். அதற்குள் 14 வருஷம் ஓடிவிட்டது!

எதிர்க்கட்சியார் மாத்திரம் யோக்கியர்களா? 2002 ஏப்ரலில் பட்டாளத்தார் துணையோடு சாவேஸைத் தள்ளிவிட்டு, இரண்டே நாள் நீடித்த ஆட்சியில் சட்டசபையையும் மேல் கோர்ட்டையும் கலைத்ததாக உத்தரவிட்டவர்கள் அவர்களே. 2005-ல் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்து, சபை முழுவதையும் அவர் கையில் ஒப்படைத்தவர்களும் அவர்களே. ஒருவர் செய்த அக்கிரமம் மற்றவருக்கு முதலாக உதவிற்று.

இந்த இரு பிளவில் லாபம் யாருக்கு? ஆளுகின்றவனுக்குத்தான். "நீ எங்கள் ஆளா, அவர்கள் ஆளா?" என்ற கேள்வி ஒன்றே நாட்டில் மிஞ்சிவிட்டால், "எண்ணெய்ப் பணம் எங்கே போயிற்று?" என்று கேட்க எவனுக்குத் தைரியம் வரும்? கேட்பவன் உடனே எதிரியாகிவிடுவான். கணக்குக் கேட்பாரற்ற அந்த நாட்டில், சாவேஸுக்குப் பின் வந்த மதுரோவின் காலத்தில், 2018-ல் விலைவாசி ஒரே வருஷத்தில் ஆயிரம் மடங்குக்கு மேல் ஏறிற்று. 70 லட்சம் பேருக்கு மேல் ஊரைவிட்டே வெளியேறினார்கள். பசி எந்தப் பட்டியலையும் பார்த்து வரவில்லை. ஆனால் 2017-ல் வந்த "தாய்நாட்டு அட்டை"யோ ரேஷன் பெட்டியோடு பிணைக்கப்பட்டு, மறு வருஷத் தேர்தலில் வோட்டுச் சாவடிக்குப் பக்கத்திலேயே பதியப்பட்டது. சோற்றுக்கும் வோட்டுக்கும் ஒரே முடிச்சு!

ஆகவே, நமக்குப் பிடித்தவன் ஆட்சியில் இருக்கும்போதுதான், அவனுக்குப் பிடிக்காதவனுடைய உரிமையை நாம் காப்பாற்ற வேண்டும். இன்று அடுத்தவன் பெயரைப் பட்டியலில் எழுதும்போது கைதட்டுகின்றவன், நாளை அதே பட்டியலில் தன் பெயருக்கும் இடம் ஒதுக்கிவைக்கின்றான் என்பதை மறக்கலாகாது.